கோட்டைக்குப் போட்ட கூரை

பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே,

யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நீங்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் எந்தத் திரவத்தை எந்த அளவில் கலப்பது, எந்த வார்னிஷ் மஞ்சளாகாது என்றுதான் கேட்கிறீர்கள். அதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இலண்டனில் முப்பது வருடம் இந்த வேலையைச் செய்து ஓய்வுபெற்ற எனக்குக் கலவைகள் பாதி மறந்துபோய்விட்டன. நான் விட்ட பிழைகள் மட்டும் ஒன்றுகூட மறக்கவில்லை. அவற்றில் ஆகப் பெரியதை இன்று எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே வாசியுங்கள், நான் கோபிக்க மாட்டேன். அன்றைக்கு எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் இந்தத் தொழிலுக்குள் நேர் வாசலால் வந்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ‘டச்சிங்’ வேலை செய்தவன். எடுத்த படத்தை மெல்லிய தூரிகையாலும் பென்சிலாலும் திருத்திக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஸ்டூடியோவுக்குள் வந்த எந்த முகமும் உள்ளபடி வெளியே போனதில்லை. பரு போகும், தழும்பு போகும், விழுந்த பல் முளைக்கும். இறந்தவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிடுவோம். வாழ்நாளில் மேல்சட்டையே போடாத பெரியவருக்குக் கோட்டும் டையும் அணிவித்து, பிள்ளைகளிடம் கொடுப்போம். அவர்கள் அப்பாவைப் பார்த்து அழுவார்கள், கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள்.

கல்யாணப் பேச்சுக்குப் போகும் படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை, தலை முழுவதும் வழுக்கையான ஒரு மாப்பிள்ளைக்கு நான் அலை அலையாகத் தலைமயிர் வைத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துச் சம்மதித்த பெண் வீட்டுக்கு அவர் நேரில் போயிருக்கிறார். பெண்ணின் தாய் வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வாங்கோ, மாப்பிள்ளை பின்னாலை வாறாரோ?” என்று கேட்டாராம். இந்தச் செய்தி ஸ்டூடியோவுக்கு வந்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை என் கைத்திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்றே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் இலண்டன் வந்து, ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தேன். கென்னிங்டனில் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறைக்கு, நுணுக்கமாகத் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று பத்திரிகையில் பார்த்தேன். என் கைப்பட்ட நாலு போட்டோக்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். பட்டறையின் முதலாளி ஒரு மெலிந்த ஆங்கிலேயர். வருடம் முழுவதும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. போட்டோக்களைப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

“உமக்குக் கை இருக்கிறது,” என்றார். “அதை அடக்கத் தெரியுமா என்று ஆறு மாதத்தில் பார்ப்போம்.”

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அவர் குரலில் அதிகாரமும் மரியாதையும் சரி பாதியாக இருந்ததால், நான் அதை மனதுக்குள் ‘நீர்’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். யாழ்ப்பாணத்தான் வாயில் முதலாளியின் பெயர் வருமா? கடைசிவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த ஆறு மாதம் முடியும் வாரத்தில்தான் கதை நடந்தது. நிரந்தர வேலை என்று முதலாளி கையெழுத்திட்டு ஒரு கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதம் இருந்தால்தான் கொழும்பில் ஒரு வருடமாகக் காத்திருந்த என் மனைவிக்கு விசா. ஒவ்வொரு ஞாயிறும் அவள் தொலைபேசியில் வேறு எதையும் கேட்பதில்லை, “கடிதம் கிடைச்சிட்டுதோ?” என்று மட்டும் கேட்பாள். வெள்ளிக்கிழமை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். நான் அவளிடம் கிடைத்துவிட்டது என்றே சொல்லிவிட்டேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்போது பட்டறையில் ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் வரைந்தது. மாலை நேரம். ஒரு குன்றின்மேல் இடிந்துபோன கோட்டை. கீழே ஓடை, ஓடையில் தண்ணீர் குடிக்கும் மூன்று மாடுகள், சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் இடிந்த கட்டடங்களை வரைவதற்கென்றே மழையிலும் சேற்றிலும் ஊர் ஊராகப் போனார்களாம். அதை நான் பிறகுதான் அறிந்தேன். எங்கள் ஊரில் ஒருவன் ஓவியரைக் கூப்பிட்டு, “உந்த உடைஞ்ச வீட்டை வடிவாக் கீறித் தாரும், முன் அறையிலை மாட்டப்போறன்” என்று சொன்னால், வீட்டில் உள்ளவர்கள் அவனைச் சாத்திரக்காரனிடமோ டாக்டரிடமோ கூட்டிப்போவார்கள்.

ஓவியத்தின் சொந்தக்காரர் சர்ரே பக்கத்தில் தனியாக வாழ்ந்த ஒரு முதிய அம்மையார். படத்தை ஏலத்தில் விற்கப் போகிறார். அதற்கு முன் சுத்தம் செய்து தரும்படி எங்களிடம் அனுப்பியிருந்தார். பழைய அழுக்கையெல்லாம் முதலாளியே எடுத்து, மெல்லிய வார்னிஷ் ஒன்றும் பூசி முடித்துவிட்டார். மிச்சமாக இருந்தவை மூன்று சின்னப் பொட்டுகள். வானத்தில் ஒன்று, கோட்டைக் கோபுரத்தின் ஓரத்தில் இரண்டு. யாரோ எப்போதோ ஏணியால் இடித்து வர்ணம் உதிர்ந்த இடங்கள். அவற்றில் பக்கத்து நிறத்துக்குப் பொருத்தமாக வர்ணம் வைக்கவேண்டும், அவ்வளவுதான். முதலாளி புதன்கிழமை காலை ஒரு நாட்டுப்புற மாளிகையில் படங்கள் பார்க்கப் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை வருவேன் என்றார். “மூன்று பொட்டு. மெதுவாகச் செய்யும். இரண்டு நாள் இருக்கிறது,” என்றார்.

தம்பிமாரே, தங்கைமாரே, இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு நாள் கிடைத்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். தேத்தண்ணீர் குடியுங்கள். ஜன்னலால் வெளியே பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

புதன் மதியத்துக்குள் மூன்று பொட்டும் முடிந்துவிட்டன. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்திருந்தேன். பிறகு எட்டி நின்று பார்த்தேன். கோபுரத்தில் நான் திருத்திய கல் ஒழுங்காக இருந்தது. பக்கத்துக் கல் பாதி உடைந்து கிடந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கல்லை முழுசாக்கினேன். இப்போது மதில் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் பல்லு விழுந்த மாதிரியும் நின்றது. பல் வைப்பது என் பழைய தொழில் அல்லவா? மதிலையும் நேராக்கினேன். மதில் நேரானதும் அதற்குமேல் வெறும் ஆகாயம் தெரிந்தது பெரிய குறையாக இருந்தது. வியாழன் காலை வந்து கூரை போட்டேன்.

என்ன கூரை என்று கேளுங்கள். இங்கிலாந்துக் கோட்டைகளுக்கு எப்படிப்பட்ட கூரை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த நல்ல கூரை ஒன்றுதான். சிவப்பு ஓடு. வரிசை வரிசையாக, ஓட்டுக்கு ஓடு நிழல் வைத்து, முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்பும் பூசி முடித்தேன். ஜன்னல்களுக்குப் பச்சை மரக் கதவுகள். வாசலில் திறந்து மூட மரத்தால் ஒரு படலை. சுவரில் படர்ந்திருந்த கொடியைக் கொஞ்சம் வெட்டி ஒழுங்குபடுத்தினேன். வியாழன் மாலை விளக்கை அணைக்கும்போது என் மனதில் இருந்தது பெருமை. அதை மறைத்து என்ன பயன்? முதலாளி வந்து பார்த்ததும் கடிதத்தோடு சம்பளத்தையும் கூட்டுவார் என்று எண்ணிக்கொண்டு என் அறை இருந்த டூட்டிங் வரைக்கும் ரயிலில் சிரித்த முகத்தோடு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி உள்ளே வந்தார். படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். கொஞ்சம் குனிந்து படலையைப் பார்த்தார்.

“யார் குடிவருகிறார்கள்?” என்று கேட்டார்.

அவர் கோபத்தில் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. அந்தக் கணத்தில்தான் நான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது.

“வார்னிஷுக்கு மேலேயா, கீழேயா?”

“மேலே, சேர்.”

“நான் தந்த வர்ணங்களா?”

“ஓம், சேர்.” பயத்தில் ‘யெஸ்’ வராமல் தமிழே வந்துவிட்டது.

அவர் மூச்சுவிட்டார். அந்த வர்ணங்கள் எப்போது வேண்டுமானாலும் கழுவி எடுக்கக்கூடியவை. கீழே இருக்கும் பழைய ஓவியத்துக்குச் சேதம் வராது. அந்த ஒரு விதியை மட்டும் நான் மீறவில்லை. அது புத்தியால் அல்ல, வேறு வர்ணம் கையில் இல்லாததால்.

“அம்மையார் மூன்று மணிக்குக் கடைசியாக ஒருமுறை பார்க்க வருகிறார். ஐந்து மணிக்கு ஏலக்காரரின் வான் வண்டி வருகிறது,” என்றார். “எல்லாவற்றையும் கழற்றும். முடிவதற்குள் அவர் வந்தால், நீர்தான் பேசவேண்டும். உம்முடைய வீடு. கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.”

பஞ்சைக் குச்சியில் சுற்றி, திரவத்தில் தோய்த்து, அங்குலம் அங்குலமாகத் துடைக்கும் வேலை. அவசரப்பட்டால் அடியில் இருக்கும் பழைய வர்ணமும் வந்துவிடும். நான் எங்கிருந்து தொடங்கினேன் தெரியுமா? கீழே படலையிலிருந்து. பிறகு ஜன்னல் கதவுகள். கூரையைக் கடைசிக்கு விட்டேன். ஏனென்றால் அது நன்றாக வந்திருந்தது. வேலை போகப்போகிற நேரத்திலும் மனிதனுக்கு இருக்கும் ஆணவத்தைப் பாருங்கள்.

பன்னிரண்டரைக்கு முதலாளி சாண்ட்விச் வாங்க வெளியே போனார். நான் ஓடிப்போய்த் தெரு மூலைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து குலமண்ணையைக் கூப்பிட்டேன். குலமண்ணை டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், வீடு மோர்டனில். நான் இருந்த அறையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன்.

“எட, கோட்டைக்கு ஓடு போட்டனியோ? கவுன்சிலிட்டை அனுமதி எடுத்தனியோ?” என்று கேட்டு, அந்தப் பக்கம் சிரித்துத் தீர்த்தார். பிறகு, “இஞ்சை கேள் தம்பி. அந்த மனுசி வந்தவுடனை ஒரு கதை சொல்லு. ஊரிலை உன்ரை வீடு ஷெல் விழுந்து இடிஞ்சு போச்சு, இடிஞ்ச வீட்டைக் கண்டால் உனக்குத் தாங்கேலாது, கை தன்பாட்டிலை கூரையைப் போட்டிட்டுது எண்டு சொல்லு. வெள்ளைக்காரர் உடனை இளகிவிடுவினம். உன்ரை முதலாளியும் ஒண்டும் சொல்லேலாது.”

“அண்ணை, என்ரை வீடு இடியேல்லை. மச்சான் இருக்கிறான். போன மாதம் பெயின்ற் அடிச்சவன்.”

நான் இன்னொரு காசு போட்டேன்.

“அப்ப என்ரை வீட்டைச் சொல்லு,” என்றார். “அது சும்மாதானே கிடக்கு.”

“என்னண்ணை சொல்லுறியள்?”

“போன மாதம் கடிதம் வந்தது. முன்பக்கம் முழுக்கப் போச்சாம். என்ரை மனுசிக்கு நான் இன்னும் சொல்லேல்லை. கேட்டால் துடிச்சுப் போவாள். நீ அந்த வெள்ளைக்கார மனுசிக்காவது சொல்லு. ஆருக்காவது சொன்னதாய்ப் போகட்டும்.”

கடையில் யாரோ வந்திருக்க வேண்டும். “பயத்தம்பருப்பு அங்காலை கிடக்கு, பாருங்கோ,” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

திரும்பி வந்து பஞ்சைக் கையில் எடுத்தேன். திரவத்தில் தோய்க்க மறந்து வெறும் பஞ்சால் துடைத்தேன். மனம் குலமண்ணையின் வீட்டில் நின்றதா, கடிதத்தில் நின்றதா என்று சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு நிலையில் இருக்கும்போது, மூன்று மணிக்கு வரவேண்டிய அம்மையார் ஒன்றரைக்கே வந்து நின்றார். அடுத்த ரயிலை நம்ப முடியவில்லையாம்.

உயரமான மனுஷி. கையில் தடி, மழைக்கோட்டு, அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டை. முதலாளி தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நேரே படத்துக்கு முன்னால் வந்தார். கதவுகளும் படலையும் போய்விட்டன. மதில் பாதி நேராக இருந்தது. கூரை முழுதாக, சிவப்பாக, பளபளவென்று இருந்தது.

முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“இது எப்போது வந்தது?” என்று அம்மையார் கேட்டார்.

குலமண்ணை சொல்லித் தந்த வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது வேலை செய்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். தொலைக்காட்சியில் எங்கள் நாட்டுச் சண்டையைப் பார்த்திருப்பார். கண் கலங்கியிருப்பார். முதலாளியும் வாயைத் திறந்திருக்க மாட்டார். ஆனால் ஒரு மனிதன் தன் மனைவிக்கே சொல்ல முடியாமல் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் வீட்டை எடுத்து, நான் போட்ட அரைவேக்காட்டுக் கூரைக்கு முட்டுக் கொடுப்பதா? நினைக்கவே வெட்கமாக இருந்தது.

“நான்தான் போட்டேன், அம்மையார்,” என்றேன். “நேற்று. மூன்று பொட்டு வைக்கச் சொன்னார். நான் கோட்டையையே கட்டிவிட்டேன். எங்கள் ஊரில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தவன். பல் இல்லாதவருக்குப் பல் வைப்பதுதான் பழக்கம். இங்கே யாரும் கேட்கவில்லை. பிழை என்னுடையது, முதலாளிக்குத் தெரியாது.”

அவர் குனிந்து பார்த்தார். “இந்த ஓடு கென்ட் பக்கத்து ஓடா?”

“யாழ்ப்பாணத்து ஓடு, அம்மையார்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு தடி குலுங்கியது, பிறகு இருமல் வந்து முதலாளி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். “என் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது,” என்றார். “வாளி வைத்துக்கொண்டு தூங்குகிறேன். அதைச் சரிசெய்யத்தான் இதை விற்கிறேன். நீங்கள் என் கூரையை விட்டுவிட்டு இதற்குப் போட்டிருக்கிறீர்கள்!”

இந்த இடத்தில் கதையை நிறுத்தி குலமண்ணையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக் கடிதம் எழுதுவீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மோர்டனுக்குப் போய், “அண்ணை, உங்கடை வீட்டை நான் பாவிக்கேல்லை. நீங்களே அக்காவுக்குச் சொல்லுங்கோ,” என்றேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, தொண்டையைச் செருமிச் சொன்னார். அக்கா அமைதியாகக் கேட்டார். “எனக்கு இரண்டு மாதமாத் தெரியும்,” என்றார். “தங்கச்சி எழுதினவள். உங்களுக்குப் பிரஷர் கிடக்கெண்டு நான்தான் சொல்லேல்லை.” பிறகு இருவரும் அழுதார்கள். நான் சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

சரி, பட்டறைக்கு வருவோம். அம்மையார் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியே விடுங்கள்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“கூரை இருக்கட்டும். எனக்குப் பிடித்திருக்கிறது. அறுபது வருடமாகச் சாப்பாட்டு மேசையிலிருந்து இந்தக் கோட்டைக்குள் மழை விழுமே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் பார்க்க நிம்மதியாக இருக்கிறது.”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. சொந்தக்காரியே சம்மதித்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும், பிழையே சரியாகிவிடும். கடிதம் கிடைக்கும், மனைவி வருவாள். அம்மையார் சந்தோஷமாக ரயில் ஏறுவார். யாருக்கு நட்டம்?

உண்மையைச் சொல்கிறேன், தலையை ஆட்டத்தான் போனேன். அப்போது பெண்ணின் தாய் நினைவுக்கு வந்தார். வாசலில் நின்று, வழுக்கைத் தலைக்குப் பின்னால் படத்தில் பார்த்த மாப்பிள்ளையைத் தேடிய அந்தத் தாய். அவருடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை. அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் மனதால் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“ஏலாது, அம்மையார்,” என்றேன். அதையும் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “அடுத்த வாரம் ஏலத்தில் இதை ஒருவர் வாங்குவார். நூறு வருடத்துக்கு முந்திய ஓவியர் போட்ட கூரை என்று நினைத்துக் காசு கொடுப்பார்.”

“யாருக்குத் தெரியப்போகிறது?”

“யாழ்ப்பாணத்தார் யார் பார்த்தாலும் தெரியும். இலண்டனில் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.”

அவருக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. தடியை நிலத்தில் ஊன்றினார். “ஐந்து மணிவரைக்கும் இது என்னுடைய படம்.”

“அதனால்தான் ஐந்து மணிக்கு முன்னால் கழற்ற வேண்டும்,” என்றேன்.

இப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. நன்றாகப் பேசிவிட்டோம் என்ற எண்ணம் எல்லாம் வரவில்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சொந்தக்காரியை எதிர்த்துப் பேசுகிறவனை எந்த முதலாளி வைத்திருப்பான்? மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அம்மையார் என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைப் படத்துக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கழற்றுங்கள். ஆனால் நான் பார்க்கவேண்டும். மெதுவாக.”

தொடங்கினேன். முகட்டிலிருந்து ஒவ்வொரு வரிசையாக. பஞ்சு சிவப்பாக வந்தது. நான் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டியபோது, சுற்றித் தயாராக ஒரு குச்சி என் கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். முதலாளி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, பஞ்சைச் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் அவர் யாருக்கும் ஒரு சுத்தியல்கூட எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் குச்சியை வாங்கித் துடைத்தேன், அவர் அடுத்ததைச் சுற்றினார். அம்மையார் மட்டும், “மாடு, மாடு, மாட்டில் படாமல்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓடு போகப் போக எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு நல்ல வீட்டை என் கையாலேயே இடிக்கிற மாதிரி இருந்தது. மதிலையும் துடைத்தேன். பழைய உடைந்த கல் வந்தது. கடைசியாகக் கோபுரத்தின் பின்பக்கம் துடைத்தபோது, அந்த உடைந்த வாய்க்குள்ளால் மாலை வெளிச்சம் வந்தது. மஞ்சளாக, மெல்லியதாக, ஓடைவரைக்கும் இறங்கி, மாடுகளின் முதுகிலும் அந்தப் பெண்ணின் சால்வையிலும் விழுந்தது. நான் கூரை போட்டபோது அந்த வெளிச்சத்தின் வழியை அடைத்துவிட்டிருந்தேன். இரண்டு நாளாகப் படத்தை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தும், அது எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தை உள்ளே விடுவதற்காகத்தான் ஓவியர் கோபுரத்தை உடைத்த மாதிரி வரைந்திருக்கிறார்.

“ஆ,” என்றார் அம்மையார். “இதைத்தான் என் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.” பிறகு எழுந்து, எனக்குக் கை கொடுத்தார். என் கையெல்லாம் திரவமும் பஞ்சும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. முதலாளியிடம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வான் வருவதற்கு முன்பே போய்விட்டார். படம் வண்டியில் ஏறுவதைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் நீட்டி முழக்கப் போவதில்லை. பிழை விடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், விடுவீர்கள். கழுவி எடுக்கக்கூடிய பிழையாக விடுங்கள். யாராவது கேட்டால், உங்களுடைய கதையைச் சொல்லுங்கள், அது எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தாலும். சொந்தக்காரரே பாராட்டினாலும் உங்கள் கையை நம்பிவிடாதீர்கள். அன்றைக்கு எனக்கு ஆகப் பெரிய ஆபத்து அம்மையாரின் கோபம் அல்ல, அவருக்கு என் கூரை பிடித்துப்போனதுதான்.

ஐந்து மணிக்கு வான் வந்தது, படம் போனது. நான் மேசையைத் துடைத்து, தூரிகைகளைக் கழுவி, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கடிதத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன்.

“நில்லும்,” என்றார் முதலாளி. மேசை லாச்சியைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். உள்ளே கடிதம், கையெழுத்தோடு. தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதிதான். அம்மையார் போன பிறகு எழுதியிருக்கிறார், மை இன்னும் சரியாகக் காயவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாரும்,” என்றார். “ஒரு புதுப் படம் வந்திருக்கிறது. கடல், புயல், ஒரு கப்பல். கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது.”

விளக்கை அணைக்கப் போனவர், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் திரும்பினார்.

“அதை மூழ்கவிடும்.”